பிள்ளைகள் கோர்த்த அச்செழுத்து

1

1996ஆம் ஆண்டின் ஆரம்பம். பாரிஸ் புறநகர் ஒன்றில், நகரசபை சனிக்கிழமைகளில் எமக்கு இரவலாகத் தந்திருந்த மண்டபத்தில், பத்து முதல் பன்னிரண்டு வயது வரையான பதினாலு பிள்ளைகளுக்கு நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துச் சனம் இரவோடிரவாக வெளிக்கிட்டு மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ரெலிபோனுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்த காலம் அது.

அந்தப் பிள்ளைகள் ஆத்திசூடியை நன்றாக ஒப்புவிப்பார்கள். சொல்வதெழுதலில் இருபதுக்குப் பதினெட்டு எடுப்பார்கள். ஆண்டு விழாவுக்கு எழுதிக் கொடுத்த பேச்சை ஒரு சொல் பிசகாமல் மேடையில் முழங்குவார்கள். ஆனால் அம்மம்மாவுக்கு நாலு வரியில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால், ‘நான் நலம், நீங்கள் நலமா’ என்பதற்கு அப்பால் பேனை நகராது. எழுத்துத் தெரியும், எழுதுவதற்கு எதுவும் இல்லை, அல்லது எதை எழுதலாம் என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் புத்தகத்தை மூடிவிட்டு, விரும்பியதை எழுதுங்கள், நாலு பக்கத்தில் ஒரு வகுப்புப் பத்திரிகை செய்து போட்டோக் கொப்பி எடுத்து எல்லாருக்கும் கொடுப்போம் என்றேன். பதின்மூன்று பேர் பூனை, உதைபந்தாட்டம், பொங்கல் என்று எழுதினார்கள். ஒரு சிறுமி ஐந்து வரி எழுதினாள். இரவில் ரெலிபோன் அடித்தால் வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை என்பது முதல் வரி. மாமாவைச் சுட்டது ஆமியா என்று அம்மாவிடம் கேட்டேன் என்பது நாலாவது. அம்மா எழும்பிப் போய் யன்னலைப் பூட்டினார் என்பதோடு அது முடிந்தது.

அந்த ஐந்து வரிகளில் ஏழு எழுத்துப் பிழைகள் இருந்தன. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. ஆமி என்றால் அம்மா யன்னலைப் பூட்டியிருக்கமாட்டார்.

பள்ளியை நடத்திய குழுவில் ஒருவர் பிரதியைப் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், இது பள்ளிக்கூடம். உங்கட பத்திரிகை வேலையை வெளியில வைச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையின்ர நன்மைக்குத்தான் சொல்லுறம்” என்றார். நான் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பொங்கல் பற்றிய இன்னொரு கட்டுரை வந்தது. பத்திரிகை அந்த ஒரு இதழோடு நின்றுபோயிற்று.

இது குறித்து இன்று எழுதுவதற்குக் காரணம், நான் வாழ்ந்துகொண்டிருந்த இதே நாட்டில், இதே கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே தெருவுக்கு வந்து சண்டையாக முடிந்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன் என்பதுதான். பிள்ளைகள் தாம் எழுதியதைத் தாமே வெளியிடுவதன் மூலம் கற்கலாம் என்ற எண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. எமது கல்வி பற்றிய விவாதங்களில் அந்த வரலாறு பேசப்படுவதில்லை.

2

செலஸ்தன் ஃபிரெனே 1896இல், பிரான்சின் தென்கிழக்கு மலைப்பகுதியில் உள்ள கார் என்ற சிறு கிராமத்தில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சியில் இருக்கும்போதே முதலாம் உலகப்போருக்கு அழைக்கப்பட்டார். 1917இல் போர்முனையில் நுரையீரலில் காயப்பட்டார். நெடுங்காலம் வைத்தியசாலைகளில் கிடந்தபின், 1920இல் பார்-சுர்-லூ என்ற கிராமத்துப் பாடசாலைக்கு உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

அன்றைய பிரெஞ்சுப் பாடசாலை என்பது என்ன? 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கியிருந்தன. அது பெரும் சாதனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வகுப்பறையின் உள்ளே நடந்தது எமக்கு நன்கு பரிச்சயமானதுதான். மேடைமேல் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், பின்னர் பாடநூலைப் பார்த்து எழுதுவார்கள், மனனம் செய்வார்கள், ஒப்புவிப்பார்கள்.

காயப்பட்ட நுரையீரலோடு மணிக்கணக்காகப் பேசுவது ஃபிரெனேயால் முடியாததாக இருந்தது. ஆசிரியர் ஓயாமல் பேசாமலே நடக்கக்கூடிய ஒரு வகுப்பைத் தேடவேண்டிய நிர்ப்பந்தம் அங்கிருந்தே வந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் பிள்ளைகளை வெளியே கூட்டிச் சென்றார். வயல், ஆறு, தச்சர் பட்டறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவார்கள். திரும்பி வந்ததும் பார்த்ததை எல்லாரும் சேர்ந்து கரும்பலகையில் எழுதுவார்கள். பிள்ளைகளின் கண்கள் அந்த நேரத்தில் விழித்திருந்தன. ஆனால் அடுத்த பாடத்துக்காகக் கரும்பலகையை அழித்தவுடன் எல்லாம் போய்விடும். பாடநூலைத் திறந்ததும் பழைய சோர்வு திரும்பிவிடும். பாடநூலின் வசனம் அச்சில் இருந்தது, பிள்ளையின் வசனம் சோக்கட்டியில் இருந்தது. மதிப்பின் வேறுபாடு அங்கேயே தொடங்கிவிட்டது.

1924இல் அவர் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வாங்கினார். அன்றிலிருந்து வகுப்பின் ஒழுங்கு மாறியது. பிள்ளைகள் விரும்பியபோது, விரும்பியதை எழுதி வருவார்கள். காலையில் எழுதியவர்கள் வாசிப்பார்கள். எதை அச்சிடுவது என்று வகுப்பு வாக்களிக்கும். தெரிந்தெடுத்த எழுத்தை எல்லாரும் சேர்ந்து கரும்பலகையில் திருத்துவார்கள். எழுதிய பிள்ளை ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் செல்லும். அதன்பின் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகக் கோர்த்து, மை தடவி, தாளை வைத்து அழுத்துவார்கள். வெளிவரும் தாள்களைப் பிள்ளைகள் தமது கோவையில் சேர்ப்பார்கள். ஃபிரெனே அதற்கு ‘வாழ்வின் புத்தகம்’ என்று பெயர் வைத்தார். அதுவே வாசிப்புப் புத்தகமாகவும் இருந்தது. 1928இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்றின் தலைப்பு, ‘இனிப் பாடநூல்கள் வேண்டாம்’ என்பது.

பாடசாலைக்குள் அச்சுப்பொறியைக் கொண்டுவந்த முதலாமவர் அவர் அல்ல. சாம்புய் அநாதை விடுதியில் 1880 முதல் 1894 வரை இயக்குநராக இருந்த அராஜகவாதி போல் ரொபன் அங்கே அச்சுப் பட்டறையும் நடத்தினார். பிரசெல்ஸில் ஒவிட் தெக்ரோலியின் பாடசாலைப் பிள்ளைகளும் அச்சடித்தார்கள். ஃபிரெனே செய்த புதுமை வேறு. அச்சு அவருக்குத் தொழிற்பயிற்சி அல்ல, விழாமலர் போடும் கருவியும் அல்ல. எழுதவும் வாசிக்கவும் கற்பதே அதன் வழியாகத்தான் நடந்தது. ஒரு சொல்லைக் கோர்க்கும் பிள்ளைக்கு அதன் ஒவ்வொரு எழுத்தும் கையில் பாரமாக இருந்தது. பிழை விட்டால் சிவப்பு மை கண்டிக்காது. வாசிப்பவருக்கு விளங்காமல் போகும். பிழை திருத்துவதற்கு அதைவிட நேர்மையான காரணம் வேறென்ன வேண்டும்?

3

வாசிப்பவர் என்று சொன்னேன். இதுதான் முழு விடயத்தின் மையம் என்று நான் கருதுகிறேன்.

சாதாரண வகுப்பில் பிள்ளை எழுதுவதை வாசிப்பவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு விடை ஏற்கெனவே தெரியும். அவர் அறிவதற்காக வாசிப்பதில்லை, பிழை பிடிப்பதற்காக வாசிக்கிறார். உலகில் வேறெங்கும் இப்படியொரு விநோதமான வாசகர் கிடையாது. அவருக்காக எழுதிப் பழகிய பிள்ளை, எழுத்து என்றால் பரீட்சை என்றே விளங்கிக்கொள்கிறது.

1920களின் நடுப்பகுதியில், பிரெத்தாஞ் கரையோரத்தில் உள்ள திரேகன் பகுதியில் படிப்பித்த ரெனே தனியேல் என்ற ஆசிரியர் ஃபிரெனேயோடு சேர்ந்துகொண்டார். இரண்டு வகுப்புகளும் தாம் அச்சிட்ட தாள்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டன. ஒரு பக்கம் தோடம்பூக்களை வாசனைத் திரவியத் தொழிலுக்கு விற்கும் மலைக்கிராமம். மறுபக்கம் அத்லாந்திக் கடலோரம். மலைப் பிள்ளைகளுக்கு அன்றாடமாக இருந்தது கடற்கரைப் பிள்ளைகளுக்குப் புதினம். நீ சொல்லாவிட்டால் மற்றவனுக்குத் தெரியாது என்ற நிலை, எந்தப் பிள்ளையையும் எழுதவைக்கும்.

1927இல் ஃபிரெனேயின் நூலான ‘பாடசாலையில் அச்சகம்’ வெளிவந்தது. அதே ஆண்டில் பல பாடசாலைப் பிள்ளைகளின் எழுத்துக்களைத் தொகுத்து ‘கதிர்க்கட்டு’ என்ற பொருள்படும் ‘லா ஜெர்ப்’ என்ற சஞ்சிகையும் வந்தது. ஆசிரியர்கள் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, அச்சுப்பொறிகளையும் எழுத்துக்களையும் தாமே விநியோகித்தார்கள். இதில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் சிறு கிராமங்களில் இருந்த இடதுசாரி ஆசிரியர்கள். ஃபிரெனே 1925இல் தொழிற்சங்கத் தூதுக்குழுவோடு சோவியத் ஒன்றியம் சென்று வந்தவர். 1926இல் கொம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். அவ்வாண்டில் அவர் மணந்த எலிஸ், பின்னர் இந்த இயக்கத்தின் சிந்தனையிலும் உழைப்பிலும் சமபங்கு வகித்தார். எம்மிடையே வழக்கமாக நடப்பதுபோல அங்கேயும் வரலாறு பெரும்பாலும் கணவரின் பெயரிலேயே எழுதப்பட்டது.

இதே காலத்தில் வார்சோவில் யானுஷ் கோர்ச்சாக் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1926 அக்டோபர் 9இல், போலிஷ் மொழியில் வெளிவந்த யூத நாளிதழ் ஒன்றின் வாராந்த இணைப்பாக ‘சிறு மீள்பார்வை’ என்ற பத்திரிகையைத் தொடக்கினார். அதில் எழுதியவர்கள் பிள்ளைகள். அது பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. கடைசி இதழ் வந்தது 1939 செப்ரெம்பர் 1இல், ஜேர்மன் படைகள் போலந்துக்குள் நுழைந்த அன்று. கோர்ச்சாக் 1942இல் தனது விடுதிப் பிள்ளைகளோடு திரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

பிரெத்தாஞ் கடிதங்கள் பற்றி எமக்கு முக்கியமான இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளின் வீட்டுமொழி பிரெத்தோன். பாடசாலையில் அதைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் அவமானச் சின்னம் ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் பிரான்சின் அந்தப் பகுதியில் நீண்டகாலம் இருந்தது. பிள்ளைகள் சுதந்திரமாக எழுதி அச்சிட்டது பிரெஞ்சில்தான். அதாவது பிள்ளையின் குரலை விடுவித்த இயக்கம்கூடப் பிள்ளையின் முதல் மொழியைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்தியது. எமது பிரச்சினை இதன் மறுபக்கம். எமது வகுப்பில் மொழிக்கு இடமுண்டு, பிள்ளையின் குரலுக்கு இல்லை.

4

1928இல் ஃபிரெனே தம்பதியினர் சென்-போல் என்ற ஊருக்கு மாறினார்கள். அது ஓவியர்களும் வசதிபடைத்தவர்களும் வந்துசேர்ந்துகொண்டிருந்த அழகிய ஊர். பாடசாலையோ பாழடைந்து கிடந்தது. ஃபிரெனே நகரசபையிடம் திருத்த வேலைகளையும் பிள்ளைகளுக்கான இலவச எழுதுபொருட்களையும் கேட்டுக்கொண்டேயிருந்தார். நகரபிதா மறுத்துக்கொண்டேயிருந்தார்.

அந்நாட்களில் ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதினான். எழுதுபொருள் வாங்கித்தர மறுத்த நகரபிதாவுக்கு எதிராக வகுப்பு முழுவதும் கிளர்ந்தெழுகிறது. கனவில் சிறுவன் நகரபிதாவைக் கொன்றுவிடுகிறான். வகுப்பு அதையும் மற்றவற்றைப்போல அச்சிட்டது.

1932 டிசெம்பரில் ஓரிரவு ஊர்ச் சுவர்களில் சுவரொட்டிகள் முளைத்தன. அந்தக் கனவைப் பிரசுரித்து, இதுதான் எமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறதா என்று அவை கேட்டன. ஷார்ல் மொராஸின் தீவிர வலதுசாரி நாளிதழ் பிரச்சினையைத் தலைநகருக்குக் கொண்டுபோனது. ஒரு பகுதிப் பெற்றோர் பிள்ளைகளை மறித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஆசிரியரின் பக்கம் நின்றார்கள். 1933 ஏப்ரலில் ஒரு கூட்டம் பாடசாலையை முற்றுகையிட்டது. சில வாரங்களில் கல்வித் திணைக்களம் ஃபிரெனேயை இடம் மாற்றியது. அவர் அரச பாடசாலையை விட்டு விலகி, 1935இல் வான்ஸ் நகருக்கு வெளியே தமது சொந்தப் பாடசாலையைத் திறந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரின் அகதிப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எதிர்த்தவர்கள் பிள்ளைகள் எழுதுவதை எதிர்க்கவில்லை. பூவையும் நத்தையையும் பற்றி அச்சடித்த காலம் முழுவதும் யாரும் கேள்வி கேட்கவில்லை. பிள்ளை அதிகாரத்தைப் பற்றிக் கனவு கண்டபோதுதான், இதைப் பிள்ளை எழுதியிருக்காது, ஆசிரியர்தான் ஊட்டியிருக்கவேண்டும் என்றார்கள். பெரியவர்களின் பாதுகாப்புக்குப் பிள்ளையின் அறியாமை தேவைப்படுகிறது. அது கேள்வி கேட்டால், கேள்வி வேறொருவருடையது என்று நிரூபிக்கவேண்டியிருக்கிறது. 1996இல் என்னிடமும் முதலில் கேட்கப்பட்டது, “இதை நீங்களா சொல்லிக் குடுத்தனீங்கள்?” என்பதுதான்.

5

ஸ்பெயினிலும் இம்முறை பரவியது. அந்தோனி பெனாய்ஜெஸ் 1903இல் கத்தலோனியாவின் கடலோரப் பிரதேசத்தில் உள்ள மொண்ட்-ரோய்ச் என்ற ஊரில் பிறந்தவர். 1934இல், வடக்கே பூர்கோஸ் மாகாணத்தில் பன்யுவெலோஸ் என்ற ஏழைக் கிராமத்துக்கு ஆசிரியராகப் போனார். தனது பணத்தில் அச்சுப்பொறியும் கிராமபோனும் வாங்கினார். பிள்ளைகள் சிறு கையேடுகளாகத் தமது எழுத்துக்களை அச்சிட்டார்கள்.

1936இன் ஆரம்பத்தில் அவர்கள் அச்சிட்ட கையேடு கடலைப் பற்றியது. ஒருபோதும் கடலைக் காணாத பிள்ளைகள், கடல் எப்படி இருக்கும் என்று தமது கற்பனையில் எழுதியது. கோடை விடுமுறையில் உங்களைக் கடலுக்குக் கூட்டிச் செல்கிறேன் என்று ஆசிரியர் வாக்களித்திருந்தார்.

அந்தக் கோடையில், 1936 ஜூலையில், பிராங்கோவின் தளபதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பூர்கோஸ் ஆரம்பத்திலேயே அவர்கள் வசமானது. சில நாட்களுக்குள் பெனாய்ஜெஸ் பிடிக்கப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளைகள் கடலுக்குப் போகவில்லை. ஊரில் அவரது பெயரைச் சொல்வதே பல பத்தாண்டுகள் ஆபத்தாக இருந்தது. ஆனால் கையேடுகளில் சில தப்பிவிட்டன. 2010இல் லா பெட்ராஹா மலைப்பகுதியில் பாரிய மனிதப் புதைகுழி தோண்டப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளியே எடுக்கப்பட்டன. அவரும் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்ற நம்பிக்கையே அவரது கதையை மீண்டும் பேசவைத்தது. 2023இல் அது திரைப்படமாகவும் வந்தது.

புதைகுழி, காணாமற்போனவர்கள், பெயர் சொல்லாத ஊர். இவற்றை வாசிக்கும்போது எமக்கு எங்கே நினைவு போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் நான் இங்கே சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. அந்தக் கிராமத்தில் அந்த இரண்டு ஆண்டுகள் என்ன நடந்தது என்பதற்குப் பிள்ளைகளின் தாள்களைப்போன்ற சாட்சி வேறில்லை. ஆசிரியரைக் கொன்றவர்களின் கோப்புகள் இருக்கலாம். பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பதை எந்தக் கோப்பும் வைத்திருக்காது. எமது பிள்ளைகள் 1983இற்குப் பின்னான இந்தக் காலம் முழுவதும் என்ன நினைத்தார்கள் என்று நாளை யாராவது தேடினால், எமது பள்ளிகளில் கிடைக்கப்போவது பேச்சுப்போட்டிப் பிரதிகள்தான். அவற்றை எழுதியவர்கள் நாங்கள்.

6

இதற்கு எதிரான வாதங்களையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும்.

முதலாவது, இடதுசாரிப் பக்கத்தில் இருந்தே வந்தது. 1950களின் ஆரம்பத்தில் பிரெஞ்சுக் கொம்யூனிஸ்ட் கட்சி ஃபிரெனேயைக் கடுமையாகத் தாக்கியது. கட்சிச் சஞ்சிகையில் எழுதியவர்களில் ஜோர்ஜ் ஸ்னிதெர்ஸும் ஒருவர். விமர்சனத்தின் சாரம் இது: உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைக்கு அதன் சொந்த அனுபவத்தை எழுதவிடுவதால் மட்டும் விடுதலை கிடைக்காது. அந்த அனுபவமே ஒடுக்கப்பட்ட, குறுகிய அனுபவம். அதற்கு அப்பாலுள்ள அறிவை ஆசிரியர்தான் கொண்டுவந்து தரவேண்டும். 1940இல் கைதாகி 1941 வரை முகாம்களில் அடைபட்டிருந்து, பின் எதிர்ப்பியக்கத்தில் இணைந்து வேலைசெய்த ஒருவரைக் கட்சி நடத்திய விதம் அருவருப்பானது. எனினும் வாதத்தில் உண்மை இருக்கிறது. எமது பிள்ளைகளின் தமிழ் உலகம் ஒரு வரவேற்பறையும் ஒரு சமையலறையும்தான். அதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் அவர்களுக்குச் சங்க இலக்கியமும் தெரியாது, மலையக மக்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்ட வரலாறும் தெரியாது.

இதற்கு நல்ல பதில் இத்தாலியில் கிடைத்தது. புளோரன்சுக்கு வடக்கே மலையில் பார்பியானா என்ற குக்கிராமத்துக்கு 1954இல் தண்டனைபோல அனுப்பப்பட்ட கத்தோலிக்க குரு லொறென்சோ மிலானி, பரீட்சைகளில் கழித்து விடப்பட்ட குடியானவப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 1963இல் அங்கே வந்த மரியோ லோடி, ஃபிரெனே வழியில் படிப்பித்த ஆசிரியர். அவர் கூட்டாகக் கடிதம் எழுதும் முறையை அறிமுகப்படுத்தினார். அதன் விளைவாக 1967இல் வந்த நூல்தான் ‘ஒரு ஆசிரியைக்குக் கடிதம்’. அந்தப் பிள்ளைகள் தமது அனுபவத்தில் தொடங்கினார்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. யார் யார் பரீட்சையில் விழுகிறார்கள், அவர்களுடைய தகப்பன்மார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று புள்ளிவிபரங்களைத் தேடி எடுத்து, இத்தாலியக் கல்வி முறையையே குற்றக்கூண்டில் ஏற்றினார்கள். கேள்வி பிள்ளையுடையதாக இருந்தால், அறிவைத் தேடிப்போவதும் பிள்ளையாகவே இருக்கும். எனது வகுப்புச் சிறுமியின் ஐந்து வரிகளில் இருந்து எமது முப்பதாண்டு வரலாறு முழுவதையும் படிப்பித்திருக்கலாம். எந்தப் பாடநூலிலும் அவ்வளவு நல்ல தொடக்கம் இல்லை.

இரண்டாவது வாதம் பாதுகாப்புப் பற்றியது. இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. பிரசுரம் என்றால் விளைவு உண்டு. சென்-போலில் ஒரு ஆசிரியர் வேலையை இழந்தார். பன்யுவெலோஸில் ஒருவர் உயிரை இழந்தார். 1996இல் அந்தச் சிறுமியின் உறவினர் பலர் இன்னும் ஊரில் இருந்தார்கள். பாரிஸிலும் அப்போது எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் மிரட்டப்பட்டவர்களை நாம் அறிவோம். குழு உறுப்பினரின் பயம் கற்பனை அல்ல.

இன்று இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2000ஆம் ஆண்டுகளில் இருந்து ஐரோப்பியப் பாடசாலைகள் பலவற்றில் வகுப்புகள் இணையத்தில் வலைப்பதிவு வைத்துப் பிள்ளைகளின் எழுத்தை வெளியிட்டு வருகின்றன. ஈய எழுத்தின் வேலையை இப்போது கணனி செய்கிறது. ஃபிரெனேயின் பரம்பரையில் வந்த ஆசிரியர்களும் அவற்றைக் கையாள்கிறார்கள். கருவி இலகுவாகிவிட்டது. ஆனால் பழைய அச்சுத் தாளுக்கு வாசகர் யார் என்று பிள்ளைக்குத் தெரியும்: தூரத்தில், பெயர் தெரிந்த, பதில் எழுதப்போகும் இன்னொரு வகுப்பு. எல்லாருக்கும் திறந்த பக்கத்தில் யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாது. பல சமயம் யாருமே வாசிப்பதில்லை. வாசிப்பவர் சிலசமயம் ஆபத்தானவர். அச்சுப்பொறியைவிடத் தபாலே பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பிள்ளைக்குத் தேவையானது பெருந்தொகை வாசகர்கள் அல்லர், பதில் எழுதும் வாசகர்.

7

இப்போது எனது தவறுக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தை எடுத்தது மட்டுமே தவறு என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இந்த வரலாற்றை வாசித்தபின் அப்படித் தோன்றவில்லை. அச்சிடாமல் விடுவது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் யார்? குழு உறுப்பினர் ஒருவரும் நானும். சிறுமியிடம் நான் கேட்கவில்லை. அவளது தாயிடம் கேட்கவில்லை. வகுப்பிடம் கேட்கவில்லை. ஃபிரெனேயின் வகுப்பில் வாக்களிப்பு என்பது அலங்காரமல்ல, அதுதான் பாடம். எதை வெளியே சொல்லலாம், யாருக்குச் சொல்லலாம், சொன்னால் என்ன நடக்கும் என்று பதினொரு வயதில் கூடியிருந்து தீர்மானிப்பதைவிடப் பெரிய அரசியல் கல்வி எது? பத்திரிகை வந்த நாளில் அவள் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். தனது பக்கம் இல்லை என்று கண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளது வீட்டில் யன்னல் பூட்டப்பட்டதுபோல வகுப்பிலும் ஒன்று பூட்டப்பட்டது. பூட்டியவன் நான்.

இதை எழுதும்போது எமது சொந்த வரலாறும் என் முன்னே நிற்கிறது. 1980களின் பிற்பகுதியில் இருந்து பாரிஸிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் லண்டனிலும் நாங்கள் சஞ்சிகைகள் நடத்தினோம். கையால் எழுதி, தட்டச்சு செய்து, வெட்டி ஒட்டி, வேலையிடத்துப் போட்டோக் கொப்பி மெசினில் களவாக அடித்து, முத்திரைச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துத் தபாலில் போட்டோம். ஒரு நகரத்தில் எழுதியதற்கு இன்னொரு நகரத்தில் இருந்து பதில் வரும். ஊரில் பேசமுடியாததை அந்தத் தாள்களில்தான் பேசக் கற்றுக்கொண்டோம். ஃபிரெனேயின் பெயரை அறியாமலே அவரது முறையில் நாங்கள் படித்திருக்கிறோம். பேச்சுச் சுதந்திரத்துக்காக அந்தச் சஞ்சிகைகளில் பக்கம் பக்கமாக எழுதிய நானே, சனிக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்ததும் அச்சுதந்திரம் பெரியவர்களுக்கு மட்டும் உரியது என்று நடந்துகொண்டேன்.

தமிழ்ப் பள்ளிகளை நடத்துபவர்களைக் கண்டிப்பது எனது நோக்கமல்ல. வேலைக்களைப்போடு வார இறுதியைக் கொடுத்து அவர்கள் செய்யும் சேவையை நான் அறிவேன். ஆனால் ஒரு கேள்வியை விவாதத்திற்கு முன்வைக்க விரும்புகிறேன். எமது பிள்ளைகள் தமது உண்மையான கேள்விகளைப் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். தமிழில் ஒப்புவிக்கிறார்கள். இதை மொழியறிவுக் குறைபாடு என்று விளக்கி, இன்னும் கூடுதலாக இலக்கணம் படிப்பிக்கிறோம். கேள்வி கேட்க முடியாத மொழியில் ஒரு பிள்ளை எதற்காகத் தேர்ச்சி பெறவேண்டும்?

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. ஒரு நகரத்தின் வகுப்பு, இன்னொரு நாட்டில் உள்ள ஒரு வகுப்போடு சோடி சேரலாம். முடிந்தால் ஊரிலோ மலையகத்திலோ உள்ள ஒரு வகுப்போடு. இரண்டு கிழமைக்கு ஒரு தாள். பிள்ளைகள் எழுதுவது, பிள்ளைகள் தெரிவது, பிள்ளைகள் திருத்துவது. ஆசிரியரின் கைத்திருத்தம் இல்லாத வசனங்கள். தபாலிலும் அனுப்பலாம், அந்த இரண்டு வகுப்புகள் மட்டும் திறக்கக்கூடிய இணையப் பக்கத்திலும் போடலாம். அவர்களது தமிழ் பிரெஞ்சு வாடையோடு இருக்கும், நோர்வேஜியன் வாடையோடு இருக்கும். இருக்கட்டும். ஆனால் ஒரு விதி வேண்டும். ஏதாவது ஒரு எழுத்தை வெளியிடுவதில்லை என்றால், அதை எழுதிய பிள்ளையோடும் வகுப்போடும் பேசாமல் அந்த முடிவை யாரும் எடுக்கக்கூடாது.

அந்த ஐந்து வரித் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு இன்று நாற்பது வயதளவில் இருக்கும். அது அவளுடையது. இதழ் வெளிவருவதற்கு முன்னர் அவளைத் தேடி அதைக் கொடுத்துவிட்டு, அன்று கேட்காததைக் கேட்பது என்று தீர்மானித்திருக்கிறேன். அவள் என்ன சொன்னாலும், அதை எழுதுவதா இல்லையா என்று தீர்மானிப்பவள் இம்முறை அவளாகவே இருப்பாள்.